வேலிக்குள் வெள்ளிவாள்

ஹலேயாகலா மலையுச்சிக்குப் போய்வந்தேன் என்று சொல்பவரிடம் நூறு வருடத்துக்கு முன் ஓர் அத்தாட்சி இருக்கும். மேலே மட்டும் முளைக்கிற வெள்ளிநிறச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, கீழே ஊருக்குள் கொண்டுவந்து காட்டுவார்கள். அது போதாதவர்களுக்கு இன்னொரு பொழுதுபோக்கும் இருந்தது. பந்து போலத் திரண்டிருக்கும் அந்தச் செடியைப் பிடுங்கி, எரிமலைச் சரிவில் உருட்டிவிட்டு, எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பது. ஊர்வல வண்டிகளை அலங்கரிக்க அதையே கட்டுக்கட்டாக வெட்டினார்கள். உருண்டு ஓடிய செடிக்கு நாற்பது வயதோ ஐம்பது வயதோ இருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும் செடி அது. அந்த முறை இன்னும் வந்திருக்காது.

ஹவாய்த் தீவுகளில் மாவி என்ற தீவின் கிழக்குப் பாதி முழுக்க இந்த ஒரே மலைதான். 2023-இல் லஹைனா நகரம் எரிந்தபோது செய்தியில் அடிபட்டதே, அதே தீவு. உச்சி 3,055 மீட்டர். மேலே பெரும்பள்ளம் ஒன்று, மைல்கணக்கில் விரிந்து கிடக்கிறது. பார்த்தவர்கள் எரிமலை வாய் என்பார்கள். புவியியலாரோ மழைநீர் அரித்து உண்டாக்கிய பள்ளம் என்கிறார்கள். பள்ளத்துக்குள் கருப்பும் செம்மண் நிறமுமாக எரிமலைச் சரளை. மரம் கிடையாது, புல்லும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அந்தத் தரையில்தான் இந்தச் செடி.

ஆங்கிலத்தில் சில்வர்ஸ்வோர்ட். ஹவாய் மக்கள் ஆஹினாஹினா என்பார்கள். நாம் வெள்ளிவாள் என்று வைத்துக்கொள்வோம். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூக்கடைச் சாமந்தி, வயல் வரப்பில் கிடக்கும் கரிசலாங்கண்ணி, பள்ளிக்கூடத்துப் பையன்கள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் கசக்கிப் பிழிந்துவிடுகிற மூக்குத்திப்பூண்டு எல்லாம் இதற்குச் சொந்தம். சொந்தம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்படி ஓர் உருவம். கட்டைபாய்ந்த குட்டைத் தண்டு இருப்பதால் தாவரவியலார் இதைப் புதர்ச்செடிக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆனால் கிளைவிட்டுப் படர்வதில்லை. தரையோடு ஒட்டி, ஒடுங்கிய இலைகள் நூற்றுக்கணக்கில் எல்லாப் பக்கமும் குத்திட்டு நிற்க, ஒன்றரை இரண்டு அடி அகலத்தில் ஓர் உருண்டை. அவ்வளவுதான் செடி.

பக்கத்தில் குனிந்து பார்த்தால் இலையின் பச்சையே கண்ணில் படாது. மேலும் கீழும் வெள்ளி ரோமம் அடர்ந்து படிந்திருக்கிறது. மேகத்துக்கு மேலே நிற்கும் மலையில் வெயில் வடிகட்டாமல் இறங்கும். அதை இந்த ரோமம் திருப்பி அனுப்புகிறது, காற்று இலையை உலர்த்திவிடாமலும் காக்கிறது. இலையைக் கிள்ளினால் உள்ளே கொழகொழவென்று ஒரு பசை. தண்ணீரைச் செடி அந்தப் பசையில்தான் பிடித்து வைத்திருக்கிறது. பகலில் சரளை கொதிக்கும், இரவில் பனி உறையும். இலைகள் உள்நோக்கி வளைந்திருப்பதால் வெயில் நடுக்குருத்தில் குவிகிறது. சுற்றியுள்ள காற்றைவிடக் குருத்து வெதுவெதுப்பாக இருக்கிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஒரே இலை, வெயிலை விரட்டவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். இரண்டையும் செய்கிறது.

பூக்க இருபது வருடம் ஆகலாம், தொண்ணூறும் ஆகலாம். அதுவரை உருண்டையாகவே உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு கோடையில், சில வாரத்துக்குள், நடுவிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு தண்டு எழும்பும். அதில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள், பெரிய செடியில் அறுநூறு வரைகூட. ஒவ்வொன்றும் கவிழ்ந்து பார்க்கும் குட்டிச் சூரியகாந்தி. விதை முற்றியதும் செடி காய்ந்து சாம்பல்நிறக் கட்டையாகிவிடும். நம்மூர்க் குறிஞ்சியும் பூத்து மடிகிற செடிதான். ஆனால் குறிஞ்சி நாள் குறித்து, மலை முழுக்க ஒன்றாகப் பூக்கும். வெள்ளிவாளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. 1970-இல் ஹலேயாகலாவில் ஒன்றுகூடப் பூக்கவில்லை. 1991-இல் ஆறாயிரத்துக்கும் மேல் பூத்தன.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தன் மகரந்தம் தனக்கு உதவாது. பக்கத்தில் இன்னொன்று அதே சமயத்தில் பூத்து, ஒரு தேனீ அங்கேயும் இங்கேயும் போய்வந்தால்தான் விதை பிடிக்கும். அறுபது வருடம் காத்திருந்து ஆளில்லாத வருடத்தில் பூத்துவிட்டால், அறுநூறு பூவும் பெரும்பாலும் பதர்தான். கூட்டம் குறைந்தால் குறைந்த அளவுக்கு மேல் நஷ்டம் வரும் செடி இது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. கலிபோர்னியாவில் டார்வீட் என்று சில செடிகள் உண்டு. பிசுபிசுவென்று ஒட்டும், யாரும் திரும்பிப் பார்க்காத களைகள். வெள்ளிவாள் அவற்றின் வம்சம் என்று 1950-களில் ஷெர்வின் கார்ல்க்விஸ்ட் சொன்னபோது நம்பத் தயங்கியவர்களே அதிகம். நடுவில் நாலாயிரம் கிலோமீட்டர் கடல் அல்லவா? 1990-களில் புரூஸ் பால்ட்வின் மரபணுவைப் பார்த்து ஆமாம் என்றார். சுமார் ஐம்பது லட்சம் வருடத்துக்கு முன் ஏதோ ஒரு விதை, பறவையின் இறகில் ஒட்டிக்கொண்டோ என்னவோ, தீவுக்கு வந்திருக்கிறது. அதன் வழிவந்தவை இன்று முப்பது இனத்துக்குப் பக்கத்தில். சில மரம், சில புதர், ஒன்று கொடி, சில பாறையோடு பாறையாக ஒட்டிய மெத்தை. அந்தக் குடும்பத்தில் கண்ணைப் பறிக்கும் பிள்ளை வெள்ளிவாள்.

வந்த இடத்தில் மேய்கிற மிருகம் ஒன்றுகூட இல்லை. ஹவாய்க்கென்று இருந்த தரைப் பாலூட்டி ஒரு வௌவால் மட்டுமே. முள் எதற்கு, கசப்பு எதற்கு? லட்சக்கணக்கான வருடம் அந்தச் செலவே இல்லாமல் வளர்ந்த செடி.

1778-இல் கேப்டன் குக் ஆடுகளை இறக்கிவிட்டார். 1793-இல் வான்கூவர் மாடுகளைக் கொண்டுவந்து அரசர் கமேஹமேஹாவுக்குக் கொடுத்தார். பெருகட்டும் என்று பத்து வருடம் யாரும் தொடக்கூடாதென அரசர் தடை போட்டார். பெருகின. காட்டு மாடாகி, ஆள்களைத் துரத்துகிற அளவுக்குப் பெருகின. ஆடுகளோ மலை மேல் மலையாக ஏறின. வெயிலையும் பனியையும் சமாளிக்கத் தெரிந்த செடிக்கு ஆட்டின் பல்லைச் சமாளிக்கத் தெரியவில்லை. சாறு நிறைந்த தண்டு பூக்க எழும்பும்போதே கடித்துவிட்டால் அதோடு அதன் வம்சக் கணக்கு முடிந்தது.

இருந்தும் 1873-இல் இந்த மலையேறிய இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி, ஆயிரக்கணக்கான வெள்ளிவாள்களைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதியிருக்கிறார். அப்போது சரிவே பளபளத்திருக்கிறது. அடுத்த ஐம்பது வருடத்தில் ஆடும் ஆளும் சேர்ந்து அதைத் தின்றும் பிடுங்கியும் தீர்த்தார்கள். 1920-களில் இந்தச் செடி அழிந்தே போகும் என்று மாவியில் கவலைப்பட ஆரம்பித்தார்கள். 1916-லேயே இந்த மலை தேசியப் பூங்காவாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலகை நட்டதும் ஆடு படித்துவிட்டுத் திரும்பிப் போவதில்லையே. 1935-இல் உச்சிவரை தார்ச்சாலை வந்தது. கடற்கரையில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் பத்தாயிரம் அடி உயரத்தில் நிற்கலாம் என்றானது. செடியின் எண்ணிக்கை அப்போது சில ஆயிரம்.

அங்கிருந்து அது மீண்டதைச் சொல்லும்போது பூங்காக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை வரும், வரட்டும். முதலில் பிடுங்குவதை நிறுத்தினார்கள். காவலர்கள் நின்றார்கள், அபராதம் வந்தது, அத்தாட்சியாகச் செடியைக் காட்டுவது கௌரவக் குறைவாகிப்போனது. ஆடு அப்படிப் பேச்சுக்கு அடங்குமா? பல வருடம் சுட்டுப் பார்த்தார்கள், சுட்ட அளவுக்கு வெளியிலிருந்து உள்ளே வந்தது. கடைசியில் பள்ளத்தைச் சுற்றி, மேடும் பள்ளமும் பாறையுமான நிலத்தில், கம்பி வேலி போட்டார்கள். 1970-களில் ஆரம்பித்து 1980-களில் முடிந்த வேலை. உள்ளே மிஞ்சிய ஆடுகளைத் தேடித் தேடித் தீர்த்தார்கள். 1991 கணக்கெடுப்பில் வெள்ளிவாள் அறுபதாயிரத்தைத் தாண்டியது. அருகிவரும் உயிரினங்களைக் காப்பதில் இவ்வளவு சுத்தமான வெற்றி அபூர்வம். எதிரி யாரென்று தெரிந்தது, வேலி போட்டார்கள், செடி பிழைத்தது.

பழைய காலம் என்று நான் சொல்வது இதைத்தான். பிடுங்கிய காலத்தை மட்டும் அல்ல, வேலி போட்டால் போதும் என்றிருந்த காலத்தையும்.

அடுத்த ஆண்டே, 1992-இல், அமெரிக்க அரசின் ஆபத்துப் பட்டியலில் இந்தச் செடி சேர்ந்தது. எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்போது எதற்குப் பட்டியல் என்று அப்போது தோன்றியிருக்கலாம். ஆனால் இறங்குமுகம் அதே சமயத்தில் தொடங்கிவிட்டது. ஆடு இல்லை, பிடுங்குபவர் இல்லை, வேலி சரியாகத்தான் நிற்கிறது. செடி மட்டும் சாகிறது. பூக்காமலே, நின்ற இடத்திலேயே, வெள்ளி மங்கிப் பழுப்பாகி விழுகிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பால் குருஷெல்னிக்கியும் கூட்டாளிகளும் பல வருடக் கணக்குகளை அடுக்கிப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். 1990-களுக்குப் பிறகு சுமார் அறுபது சதவீதம் போய்விட்டது. அதிலும் ஒரு வரிசை தெரிந்தது. பள்ளத்தின் அடிப்பகுதியில், அதாவது உயரம் குறைந்த இடத்தில், சாவு அதிகம். உச்சிப் பக்கம் குறைவு.

காரணத்தைத் தரையில் தேடிப் பயனில்லை, வானத்தில்தான் தேட வேண்டும். ஹவாயின் மேல் சுமார் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் வெப்பக் காற்று ஒரு மூடியாகப் படியும். கடலிலிருந்து எழும் ஈரமும் மேகமும் அந்த மூடிக்குக் கீழேயே நின்றுவிடும். விமானத்தில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம், மேகம் வெட்டிவைத்தது போல ஒரே மட்டத்தில் நிற்கும், மலைத்தலை மட்டும் வெளியே தெரியும். மூடி சில நாள் விலகும். அப்போதுதான் மேலே மேகம் ஏறும், மழையும் மூடுபனியும் செடிக்குக் கிடைக்கும். 1990-க்குப் பின் இந்த மூடி விலகாத நாள்கள் கூடிவிட்டன என்று வானிலை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். மேலே மழை குறைந்தது, வெயில் கூடியது. வெள்ளிவாளின் கணக்கு இறங்கிய அதே காலத்தில்.

பாலைவனச் செடி போல இருக்கிறதே, வறட்சியைத் தாங்காதா என்று கேட்கத் தோன்றும். பசையில் சேர்த்துவைத்த தண்ணீர் சில வாரத்துக்கு வரும். ஈரமே இல்லாத கோடை ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் சேமிப்பு எதுவரைக்கும்? வேரும் ஆழமானது கிடையாது, சரளைக்கு அடியில் மேலோட்டமாகப் பரவியிருக்கும். பாதையைவிட்டு இறங்கி நடக்காதீர்கள் என்று பூங்காக்காரர்கள் கெஞ்சுவதும் அதனால்தான். இன்றைக்குப் போகிறவர்கள் யாரும் செடியைப் பிடுங்குவதில்லை. கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். நல்ல படத்துக்கு ஓர் அடி கிட்டே போக வேண்டியிருக்கிறது, அந்த ஓர் அடிக்குக் கீழே வேர் நசுங்குகிறது. சூரியோதயம் பார்க்க வரும் கூட்டம் தாங்காமல் 2017-லிருந்து விடிகாலை வண்டிகளுக்கு முன்பதிவு வைத்துவிட்டார்கள். அத்தாட்சியின் வடிவம்தான் மாறியிருக்கிறது, அத்தாட்சி வேண்டும் என்ற ஆசை அப்படியே இருக்கிறது.

தேனீ விஷயத்திலும் நிலைமை சுகமாக இல்லை. வெள்ளிவாளின் மகரந்தத்தைச் சுமப்பவை தரையில் கூடு கட்டும் உள்ளூர்க் குட்டித் தேனீக்கள். அர்ஜென்டினா எறும்பு 1967-இல் பூங்காவுக்குள் தென்பட்டது. அது தரையில் கிடைக்கும் புழுப்பூச்சி எதையும் விடாது. ஆண்டுக்கு ஆண்டு மெல்லப் பரவிக்கொண்டிருக்கிறது. எறும்புக்கு வேலி போடத் தெரிந்தவர் யார்?

பக்கத்துத் தீவில், ஹவாய் என்றே பெயர்கொண்ட பெரிய தீவில், நிலைமை இதைவிட மோசம். அங்கே மவுனாகியா மலையில் வெள்ளிவாளின் இன்னொரு கிளைவகை. 1825-இல் ஜேம்ஸ் மக்ரே என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலார் பார்த்தபோது மேட்டுச் சரிவில் ஏராளமாக நின்றது. 1834-இல் அதே மலை ஏறியவர் டேவிட் டக்ளஸ், டக்ளஸ் ஃபிர் மரத்துக்குப் பெயர் தந்தவர். அந்த வருடமே காட்டு மாட்டைப் பிடிக்க வெட்டிய குழியில், உள்ளே சிக்கியிருந்த காளையோடு, இறந்து கிடந்தார். செடியைத் தின்ற கூட்டத்தின் வாரிசு ஒன்று, செடி தேடி வந்தவரையும் கொண்டுபோயிற்று. 1970-கள் வருவதற்குள் அங்கே மிஞ்சியவை சில டஜன் மட்டுமே. அதுவும் ஆட்டின் கால் எட்டாத பாறை விளிம்புகளில்.

காப்பாற்ற இறங்கியவர்கள் 1973-லிருந்து விதையெடுத்து, நாற்று வளர்த்து, நூற்றுக்கணக்கில் நட்டார்கள். பூத்தது இரண்டு செடிதான், அந்த இரண்டின் விதைதான் கிடைத்தது, கிடைத்ததை நட்டார்கள். வேறென்ன செய்திருக்க முடியும்? பின்னால் மரபணுவைச் சோதித்தபோது நட்டதெல்லாம் இரண்டே தாய்களின் பிள்ளையும் பேரனும் என்று தெரிந்தது. நெருங்கிய சொந்தத்தின் மகரந்தத்தையும் இந்தச் செடி பெரும்பாலும் ஏற்காது. எண்ணிக்கை நிறைய, விதை குறைவு என்ற விசித்திர நிலை. ராபர்ட் ரோபிஷோவும் கூட்டாளிகளும் 1997-இல் இதை எழுதினார்கள். பிறகு அவர்களே வேலையிலும் இறங்கினார்கள். பாறை விளிம்பில் தொத்தி நிற்கும் மிச்சச் செடி எந்த வருடம் பூக்கிறதோ அப்போது போய், மகரந்தத்தைக் கையால் எடுத்து, நட்ட செடிகளின் பூவில் சேர்ப்பது. தேனீயின் வேலையை மனிதர் செய்தார்கள். அப்படிக் கிடைத்த விதையிலிருந்து புது இரத்தம் கலந்த நாற்றுகள் ஆயிரக்கணக்கில் திரும்ப நடப்பட்டன.

மவுனாகியாவுக்கு ஒரு வசதி உண்டு, அது நாலாயிரத்து இருநூறு மீட்டர். ஹலேயாகலாவுக்கு அதுவும் இல்லை. கீழே காய்ந்தால் மேலே நகரட்டும் என்று விட்டால், வெள்ளிவாள் உச்சியை ஏற்கெனவே தொட்டுவிட்டது. அங்கிருந்து மேலே நகர மலை இல்லை. இப்போது நாற்றுகளை வெவ்வேறு உயரத்தில் நட்டு, எது தாங்குகிறது, எந்த இடத்து விதை வறட்சிக்கு நிற்கிறது என்று பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் பதில் கிடைத்துவிடும் வேலை இல்லை, செடி பூக்க எடுத்துக்கொள்ளும் காலம்தான் தெரியுமே.

இதற்கு நடுவில் பழைய வேலியையும் விட முடியாது. ஆடு வெளியே நின்றுகொண்டுதான் இருக்கிறது. புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 1860-களில் இந்தியப் புள்ளிமான்கள் ஹாங்காங் வழியாக ஹவாய் அரசருக்குப் பரிசாகப் போயின. முதுமலையிலும் கிண்டியிலும் நாம் பார்க்கும் அதே மான். வேட்டைக்காரர்களுக்கென்று 1959-இல் மாவியில் கொண்டுபோய் விட்டார்கள். புலியும் சிறுத்தையும் இல்லாத தீவு, மான்கள் பல்லாயிரமாகிவிட்டன. மழை பொய்த்து மேய்ச்சல் தீர்ந்துபோக, 2021-இல் மான் பிரச்சினைக்காகவே மாவி மாவட்டத்தில் ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். ஆட்டுக்குப் போட்ட உயரம் மானுக்குப் போதாது. வேலியை உயர்த்த வேண்டியிருக்கிறது.